பதின்மூன்று முறை அணைந்த பெட்டி

தஞ்சாவூர்
03.02.2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வானதி எழுதுகிறேன். போன் பண்ணினால் "நல்லாருக்கியா பாப்பா" என்று கேட்டுவிட்டு உடனே பெரியம்மா கையில் கொடுத்துவிடுகிறீர்கள். நானும் ஒரு வார்த்தை பேசுவதற்குள் அழுதுவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

அப்பா கடலில் விழுந்து இன்றோடு இருபத்தாறு நாள். காரியம் பண்ணச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள், அம்மா சம்மதிக்கவில்லை. "அந்தாளு நீச்சத் தெரியாதவரா? எவனாவது தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருப்பான். அந்தக் கரையில எந்த ஆஸ்பத்திரியில கிடக்காரோ" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஊரில் அப்பாவின் போனைத் தினமும் சார்ஜ் போடுகிறாள். போன் வீட்டில்தானே இருக்கிறது, அதில் யார் கூப்பிடப் போகிறார்கள் என்று கேட்டேன். "அவருக்கு அந்த நம்பர்தான் மனப்பாடம்" என்றாள்.

ஒரு உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். படகில் இருக்கிற ஜிபிஎஸ் பெட்டிக்குள் நகம் அளவுக்கு ஒரு கார்டு இருக்கும். படகு எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். அதை எனக்குக் கொடுத்து அனுப்ப முடியுமா? அப்பா விழுந்த இடம் எது என்று எனக்குத் தெரிய வேண்டும். மீன்வளத்துறை ஆபீசுக்காரர்கள் எழுதிய தாளில் "இடம் சரியாகத் தெரியவில்லை" என்று இருக்கிறது.

என் வேலையே அதுதான் பெரியப்பா. வேறு வேறு கம்பெனிகள் அனுப்புகிற கோப்புகளைப் பிரித்து, எது எதோடு சேரும் என்று பார்த்து அடுக்குவது. ஊருக்கெல்லாம் செய்கிறேன். அப்பாவுக்காக ஒரு தடவை செய்கிறேன்.

மேட்டூரை அடைத்துவிட்டார்கள். புதாறு வறண்டுவிட்டது. ஆபீஸ் போகும் வழியில் இரண்டு பக்கமும் அறுப்பு மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெரியம்மாவையும் எழில் அக்காவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வானதி


சேதுபாவாசத்திரம்
09.02.2025

வானதிக்கு பெரியப்பா எழுதிக்கிட்டது.

உன் லெட்டர் வந்துச்சு. மூணு தடவ படிச்சேன். கார்ட உருவி எழில் மாப்ள பகலவன்கிட்ட குடுத்துருக்கேன். அவன் செவ்வாக்கிழமை தஞ்சாவூர் வர்றான், உன் ஆபீஸ் வாசல்ல வந்து குடுப்பான். படகு ஓனர்ட்ட சொல்லிட்டேன், ஒண்ணும் சொல்லல.

என்ன நடந்துச்சுன்னு நீ எங்கிட்ட நேராக் கேக்கல. நானும் உங்கிட்ட சொல்லல. இப்ப எழுதுறேன். நாங்க நாலு பேரு. நான் வீல்ல இருந்தேன். உங்கப்பன், பகலவன், இன்னும் ஒரு ஆளு. முந்தின நாளு சாயங்காலம் கிளம்புனோம். புதன்கிழமை விடிஞ்சதும் மடி வலைய ஏத்தி மீனக் கொட்டுனோம். அவனுங்க ரெண்டு பேரும் மீனு பிரிச்சானுங்க. உங்கப்பன் டீ போட்டு எல்லாருக்கும் குடுத்துட்டு, அவன் டம்ளர எடுத்துக்கிட்டு பின்னால போனான். கொஞ்ச நேரம் கழிச்சு கூப்டேன். சத்தமில்ல. போய்ப் பாத்தா டம்ளர் கிடக்கு, ஆளக் காணோம்.

எவ்வளவு நேரம் கழிச்சுக் கூப்டேன்னு நீ கேப்ப. பத்து நிமிசம் இருக்கும். பதினஞ்சும் இருக்கலாம். வாடக் காத்து, கடல் கொஞ்சம் பொங்கலாத்தான் இருந்துச்சு. தவறித்தான் விழுந்துருக்கணும். தலையில அடி பட்டுச்சோ என்னமோ.

படகத் திருப்பி சாயங்காலம் வரைக்கும் தேடுனோம். விளக்கு வச்சப்புறந்தான் கரைக்கு வந்தோம். அம்புட்டுதான் பாப்பா.

உங்கம்மா ஜெயாவ சாப்புடச் சொல்லு.

பெரியப்பா
வீரமணி


தஞ்சாவூர்
26.02.2025

பெரியப்பா,

கார்டு கிடைத்தது. பதினைந்து நாளாக வேலை முடிந்த பிறகு அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், புரிந்துதான் பதில் சொல்ல வேண்டும். கார்டில் இருப்பது எக்ஸ்எம்எல் என்று ஒரு வகைக் கோப்பு. பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி, அதற்குள் இன்னும் சின்னப் பெட்டி என்று இருக்கும். வெளியே இருப்பது ஒரு பயணத்தின் தடம். தடத்துக்குள் துண்டு. துண்டுக்குள் புள்ளிகள். பத்து விநாடிக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலும் இடமும் நேரமும் இருக்கும். நேரம் வெளிநாட்டுக் கணக்கில் இருக்கிறது என்று பார்த்து ஐந்தரை மணி நேரம் கூட்டினேன். பிறகு ஒவ்வொரு புள்ளியையும் வெளியே எடுத்து, தனக்கு முன்னால் எது, பின்னால் எது என்று அதற்கே தெரிகிற மாதிரி கோத்தேன். அப்படிக் கோத்தால் எந்தப் புள்ளியில் நின்றும் முன்னும் பின்னும் போய்ப் பார்க்கலாம்.

ஜனவரி எட்டாம் தேதி காலை 6.52க்குப் படகு திரும்புகிறது. கரையிலிருந்து பதினெட்டு மைலில். வந்த வழியே கொஞ்ச தூரம் போகிறது. ஒரு வட்டம். இன்னொரு அரை வட்டம். 7.31க்கு எல்லாம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒரு புள்ளி கூட இல்லை. அடுத்த புள்ளி ஜனவரி பதினொன்றாம் தேதி, துறைமுகத்தில்.

முப்பத்தொன்பது நிமிஷம் பெரியப்பா. சாயங்காலம் வரைக்கும் தேடினதாக எழுதியிருக்கிறீர்கள்.

பெட்டி தானாக அணையாது. யாரோ அணைத்திருக்கிறார்கள். 7.31க்கு அணைத்துவிட்டு, விளக்கு வைத்த பிறகு கரைக்கு வந்தீர்கள் என்றால் அந்தப் பகல் முழுக்க எங்கே இருந்தீர்கள்? மறுநாள் உங்கள் படகிலிருந்து மீன் இறக்கினார்கள் என்று ஊரே சொல்கிறது. அப்பா விழுந்த கடலில் திரும்பவும் மடி இழுத்தீர்களா?

நீங்கள் பொய் சொல்லலாம், ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கோப்பு சொல்லாது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

வானதி


சேதுபாவாசத்திரம்
07.03.2025

வானதிக்கு.

நீ எழுதுனது வந்துச்சு. அதுக்கு முன்னாலயே உங்கம்மா வந்துட்டா.

மீன் எறக்குற எடத்துல அம்பது பேர் இருந்தாங்க. எஞ்சட்டையப் பிடிச்சு, "முப்பத்தொம்பது நிமிசம், முப்பத்தொம்பது நிமிசம்"னு சொல்லிச் சொல்லி நெஞ்சுல அடிச்சா. "கூடப் பொறந்தவன நாயக்கூட இப்படி விட்டுட்டு வரமாட்டாங்களே"ன்னா. பகலவன் தடுக்க வந்தான். நாந்தான் கையக் காட்டி நிறுத்துனேன்.

நீ படிச்ச புள்ள. பெட்டி சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல.

மீன் எறக்குனது உண்ம. அது விடியக்காலைல ஏத்துன மடி. கீழ ஐஸ்ல கிடந்துச்சு. அத நான் பாக்கக்கூட இல்ல, ஓனரோட ஆளுங்க எறக்கிக்கிட்டாங்க. அத மட்டும் நம்பு. மத்தத நீ எப்புடி வேணா நெனச்சுக்க.

வீல ஓனர்ட்ட ஒப்படச்சுட்டேன். முப்பத்தோரு வருசம் பிடிச்சேன். போதும்.

இனி எழுத வேண்டாம்.

வீரமணி


தஞ்சாவூர்
19.03.2025

பெரியப்பா, பெரியப்பா,

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நான் தப்புப் பண்ணிவிட்டேன்.

என் பக்கத்து சீட்டில் சுமையா என்று ஒரு தோழி. கூத்தாநல்லூர்க்காரி. போன வாரம் என் கண்ணெல்லாம் வீங்கியிருக்கிறது என்று என்னை எழுப்பிவிட்டு அவள் உட்கார்ந்து நான் கம்ப்யூட்டருக்கு எழுதின நிரலைப் படித்தாள். ஒரே ஒரு வரியில் விரலை வைத்தாள். "ஏன்டி, தடத்துக்குள்ள முதல் துண்ட மட்டும் எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்ட? மிச்சத் துண்டெல்லாம் என்னாச்சு?" என்றாள்.

கோப்பைத் திரும்பத் திறந்து எண்ணினேன்.

மற்ற நாட்களில் ஒரு தடத்துக்கு ஒரு துண்டுதான் இருக்கிறது பெரியப்பா. கிளம்பினதிலிருந்து திரும்பும் வரைக்கும் பெட்டி எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. அதனால் துண்டு என்றாலே ஒன்றுதான் என்று எண்ணிக்கொண்டேன். பத்து நாளை ஓட்டிப் பார்த்தேன், பத்தும் சரியாக வந்தது. பிறகு எட்டாம் தேதியை ஓட்டினேன். அந்த ஒரு நாளில் மட்டும் பதினான்கு துண்டு இருக்கிறது. பெட்டி அணைந்து எரியும்போதெல்லாம் புதுத் துண்டு ஆரம்பித்திருக்கிறது. நான் முதல் துண்டை மட்டும் படித்துவிட்டு, மிச்சம் பதின்மூன்றையும் இல்லவே இல்லை என்று உங்களிடம் சொன்னேன். அம்மாவிடம் சொன்னேன். என் வாயால் ஊருக்கே சொன்னேன். சம்பளம் வாங்கிக்கொண்டு நான் பார்க்கிற வேலை இது. முதல் நாள் சேர்கிறவளுக்குச் சொல்லிக் கொடுக்கிற விஷயம் இது.

இப்போது எல்லாத் துண்டையும் எடுத்து, ஒன்றின் கடைசிப் புள்ளியை அடுத்ததின் முதல் புள்ளியோடு நேரம் பார்த்துக் கோத்துவிட்டேன். காலை 6.52லிருந்து சாயங்காலம் 4.40 வரைக்கும் தேடியிருக்கிறீர்கள். வட்டம் வட்டமாக. ஒவ்வொரு வட்டமும் முந்தியதைவிடக் கொஞ்சம் பெரிதாக. காற்று அடிக்கிற பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நகர்ந்து. தாளில் போட்டுப் பார்த்தபோது சுமையா எழுந்து பாத்ரூம் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தேன். உங்கள் வாசலில் நின்றேன். பெரியம்மா வெளியே வந்து, "அவுக இல்ல" என்றார். வாசலில் உங்கள் செருப்பு கிடந்தது. உள்ளே கைக்குழந்தை அழுத சத்தம் கேட்டது. எழில் அக்காவுக்குக் குழந்தை பிறந்ததையே எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லுகிற இடத்தில் நான் இல்லை. தெரியும். பெரியம்மா உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவையும் சாத்தவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

மன்னிப்பு என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் ஏன் மறுக்கவில்லை? "இல்லடி, நாள் முழுக்கத் தேடினோம்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் திரும்ப எடுத்துப் பார்த்திருப்பேனே. அம்மா சட்டையைப் பிடித்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பகலவன் மாமாவையும் ஏன் பேசவிடவில்லை?

இன்னும் இரண்டு விஷயம் எனக்குப் புரியவில்லை. பதின்மூன்று தடவை பெட்டி அணைந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எட்டு நிமிஷம், பத்து நிமிஷம், ஒரு தடவை இருபது நிமிஷம். அணைந்த இடத்துக்கும் எரிந்த இடத்துக்கும் நடுவில் அதிக தூரம் இல்லை. ஏன் அணைத்தீர்கள்?

இன்னொன்று. ஒன்பதாவது தடவை அணைந்து எரிந்த பிறகு, மதியம் 1.10க்கு, வட்டம் நின்றுவிடுகிறது. தென்கிழக்கே நேராக ஒரு கோடு. ஏழு மைல். அதன் முடிவில் குறுக்காக முன்னும் பின்னும் மூன்று தடவை ஓடியிருக்கிறீர்கள், ஒரே வரப்பில் நடக்கிற மாதிரி. என் தாளில் கரை மட்டும்தான் இருக்கிறது, கடலில் ஒன்றும் இல்லை. அங்கே என்ன இருந்தது?

பதில் எழுதாவிட்டாலும் சரி. நீங்கள் தேடினீர்கள் என்று எனக்குத் தெரியும் என்பதாவது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வானதி


சேதுபாவாசத்திரம்
02.04.2025

பாப்பாவுக்கு.

நீ வந்தப்ப நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். உன் பெரியம்மாள வையாத. நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். எழிலுக்கு ஆம்பளப் புள்ள. மாசி கடைசியில பொறந்தான்.

நீ ரெண்டு கேள்வி கேட்டுருக்க. பத்து நாளா எழுதலாமா வேணாமான்னு கிடந்தேன். எழுதுறேன். எழுதுனதுக்கப்புறம் என்னய நீ என்ன வேணா சொல்லு. ஆனா உங்கம்மாகிட்ட ரெண்டாவது விசயத்தச் சொல்லாத. அது ஒண்ணு மட்டும் எனக்காக.

பெட்டிய நான் அணைக்கல. எஞ்சின நிறுத்துனேன். எஞ்சின் ஓடுனா பக்கத்துல நிக்கிறவன் பேசுறதே காதுல விழாது. தண்ணியில கிடக்குறவன் கத்துனா எப்புடிக் கேக்கும்? அதான் ஒரு சுத்து சுத்துறது, நிறுத்துறது. பேட்டரி செத்த பேட்டரி, எஞ்சின் நின்னா பெட்டியும் அணைஞ்சுபோவும். தீவாளிலேருந்து மாத்தச் சொல்லிக்கிட்டுதான் இருந்தேன். நிறுத்திட்டு மூணு பேரும் மூணு பக்கம் நின்னு காது குடுப்போம். முதல்ல உங்கப்பன் பேரச் சொல்லி கலியா, கலியான்னு கத்துவேன். அப்புறம் ஒருத்தரும் மூச்சு விடமாட்டோம். பகலவனுக்கு இருமல், வாயில துண்ட வச்சு அமுக்கிக்கிட்டு நின்னான். அல சத்தந்தான் கேக்கும். மறுபடி எஞ்சினப் போடுவேன். பதிமூணு தடவன்னு நீ எண்ணித்தான் எனக்கே தெரியும்.

ரெண்டாவது.

ஒம்பதாவது தடவைன்னு எழுதியிருக்க. அப்ப கேட்டுச்சு பாப்பா.

"ண்ணே"ன்னு. ஒரே தடவ. தெக்கேயும் கெழக்கேயும் நடுவுல, தூரத்துலேருந்து. சின்ன வயசுலேருந்து அவன் என்னய அப்புடித்தான் கூப்புடுவான், அண்ணேன்னு முழுசா சொல்லமாட்டான். பகலவன், "மாமா அது கடல்காக்கா"ன்னான். இன்னொருத்தன் ஒண்ணுமே கேக்கலன்னான். எனக்குக் கேட்டுச்சு. நேரா விட்டேன்.

போகப் போக பெட்டியில செவப்புக் கோடு வந்துருச்சு. நீ கேட்டியே அங்க என்ன இருந்துச்சுன்னு, அதான். எல்ல. அந்தப் பக்கம் அடுத்த நாடு. கோட்டுக்கிட்ட நிறுத்திக் காது குடுத்தேன். மறுபடியும் கேட்ட மாதிரி இருந்துச்சு. கோட்டுக்கு அந்தப் பக்கத்துலேருந்து. இப்ப நெனச்சுப் பாத்தா கேட்டுச்சா, கேக்கணும்னு நெனச்சதால கேட்டுச்சான்னு சொல்லத் தெரியல. அப்ப கேட்டுச்சு.

வீல அந்தப் பக்கம் ஒடிச்சேன். பகலவன் ஓடியாந்து என் கையப் பிடிச்சுக்கிட்டான். "மாமா, எழிலுக்கு ஏழு மாசம் மாமா"ன்னான். அம்புட்டுதான் சொன்னான். தாண்டுனா பிடிச்சுருவாங்க. படகு போவும், மூணு பேரும் உள்ள. எப்ப வருவோம்னு ஆருக்கும் தெரியாது. எம்மவ தல பிரசவம். ஒரு பக்கம் எந்தம்பி, ஒரு பக்கம் எம்மவ. நான் வீல இந்தப் பக்கமே திருப்பிட்டேன்.

போவாம இருக்கவும் முடியல. அதான் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா முன்னும் பின்னும் ஓடுனேன். இன்னும் மூணு தடவ நிறுத்திக் கத்துனேன். நாலே முக்காலுக்குள்ள டீசல் கரைக்குப் போற அளவுக்குத்தான் இருந்துச்சு. வந்துட்டேன்.

நீ முப்பத்தொம்பது நிமிசம்னு எழுதுனப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இது போதும்னு தோணுச்சு. தேடவே இல்லன்னு திட்டு வாங்கிட்டா, தேடிப் போயி கூப்புடுறது கேட்டும் போவலங்குறத ஆருகிட்டயும் சொல்ல வேண்டியதில்லல்ல. உங்கம்மா நெஞ்சுல அடிச்சப்ப, அடி சரியான எடத்துல விழுவுது, காரணந்தான் வேறன்னு நின்னேன். பகலவன் பாவம், அவனால பேசவும் முடியல. பேசுனா அவந்தான் கையப் பிடிச்சான்னு வரும்.

நீ பண்ணது தப்பில்ல. நீ படிச்ச துண்டுல அம்புட்டுதான் இருந்துச்சு.

பெரியப்பா


தஞ்சாவூர்
11.04.2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். பொய் சொல்லமாட்டேன். இரண்டு நாள் உங்கள் மேல் அப்படி ஒரு கோபம். ஒரு மைல் தாண்டியிருக்கலாமே, ஒரே ஒரு மைல் என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் புதாற்றுப் பாலத்தில் பஸ் நின்றுகொண்டிருந்தபோது, உங்கள் வாசலில் கேட்ட குழந்தைச் சத்தம் ஞாபகம் வந்தது. நீங்கள் தாண்டியிருந்தால் அதற்கு அப்பா பக்கத்தில் இல்லாமல் இருந்திருக்கும். தாண்டியும் எனக்கு அப்பா கிடைக்காமல், அதற்கும் இல்லாமல் போயிருக்கலாம். அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை. அது கடல்காக்காவாகவே இருக்கட்டும் பெரியப்பா. எனக்கு வேறு எதையும் வைத்துக்கொள்ளத் தெம்பில்லை.

அந்த விஷயத்தை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் நாள் முழுக்கத் தேடினீர்கள், எஞ்சினை நிறுத்தி நிறுத்திக் கூப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. உங்களை அவள் அடித்தது என்னால்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அந்தத் தாளை விரித்து வைத்துச் சொன்னேன். அம்மா அழுவாள், "ஐயோ அந்த மனுஷன அடிச்சுட்டேனே" என்று உங்கள் வீட்டுக்கு ஓடுவாள் என்று நினைத்தேன்.

அம்மா தாளின் மேல் விரலை வைத்து ஒரு வட்டத்தைச் சுற்றினாள். பிறகு அடுத்த வட்டம். அப்படியே எல்லாவற்றையும் சுற்றிவிட்டு, "அப்ப நல்லாத்தான் தேடியிருக்காங்க" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த ஒரு மாதமாக அம்மா கோபத்தில் இருந்தாள், ஆனால் தெம்பாக இருந்தாள். சாப்பிட்டாள். தினமும் யாரையாவது போய்ப் பார்த்தாள், ஆபீஸ் ஆபீசாக ஏறினாள். முப்பத்தொன்பது நிமிஷம்தான் தேடினார்கள் என்றால் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தம். சரியாகத் தேடவில்லை என்றால் அப்பா எங்கேயோ இருக்கலாம். அந்தத் தப்புக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடினாள். நான் சரியான கணக்கைக் கொண்டு போய்க் கொடுத்து அதையும் பிடுங்கிவிட்டேன்.

நான் கிளம்பும்போது அப்பாவின் போன் அலமாரியில் இருந்தது. சார்ஜ் போடவில்லை.

இருபதாம் தேதி காரியம் வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். உங்களைக் கூப்பிடச் சொன்னாளா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் கூப்பிடுகிறேன். வாருங்கள் பெரியப்பா. வராவிட்டாலும் எனக்குப் புரியும்.

வானதி


சேதுபாவாசத்திரம்
24.04.2025

பாப்பாவுக்கு பெரியப்பா எழுதுறது.

காரியத்துக்கு வந்து கூட்டத்துக்குப் பின்னால நின்னேன். நீ பாத்த. பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம இருந்தியே, அது நல்லது. கிட்ட வந்திருந்தா நான் அங்கயே உக்காந்துருப்பேன்.

நீ தஞ்சாவூர் போனதுக்கப்புறம் நேத்து உங்கம்மா வீட்டுக்கு வந்தா. தனியா. தடைக்காலம், எல்லாப் படகும் கரையில கிடக்கு, தெருவுல ஆம்பளைங்க எல்லாம் வலை தச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்கு நடுவுலதான் நடந்து வந்தா. வாசல்லயே நின்னா. எழிலு குழந்தையத் தூக்கிக்கிட்டு வந்து, "சித்தி, உள்ள வாங்க"ன்னா. "இப்ப நான் வரக்கூடாது கண்ணு"ன்னா. எழிலு கேக்கல. குழந்தைய அவ கையில குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அப்புறம் எங்க போவா, உள்ள வந்துதான ஆவணும்.

எனக்கு எதுக்க உக்காந்தா. நீ குடுத்த தாள மடிச்சு இடுப்புல சொருகியிருந்தா. வெளிய எடுக்கல. மன்னிச்சுக்கங்க கின்னிச்சுக்கங்கன்னு ஒண்ணும் சொல்லல, எனக்கும் அது வேண்டியிருக்கல. ரொம்ப நேரம் குழந்தையவே பாத்துக்கிட்டு இருந்தா.

அப்புறம் கேட்டா: "மாமா, எஞ்சின நிறுத்திட்டு கூப்டீங்களாம்ல. வானதி சொன்னா. என்னன்னு கூப்டீங்க?"

"கலியான்னு கூப்டேம்மா."

"சத்தமாவா?"

"சத்தமாத்தான். தொண்ட கட்டிக்கிச்சு. நாலு நாளு பேச்சு வரல."

தலைய ஆட்டிக்கிட்டா. அப்புறம் நிமிந்து என் மூஞ்சியப் பாத்தா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு என்ன கேக்கப் போறான்னு.

"பதில் ஏதாச்சும் கேட்டுச்சா மாமா?"

பகலவன் வாசப்படியில நின்னுக்கிட்டு இருந்தான். உள்ளயும் வரல, வெளியயும் போவல. குழந்த அவ மடியில தூங்கிருச்சு. நான், "இல்லம்மா"ன்னேன்.

அவ கொஞ்ச நேரம் என்னயப் பாத்துக்கிட்டே இருந்தா. கோவமே இல்ல அந்தக் கண்ணுல. மொத மொதல்ல எந்தம்பிக்கு அவளக் கட்டிக் கூட்டியாந்தப்ப எப்புடிப் பாத்தாளோ அப்புடிப் பாத்தா. பாத்துட்டு சொன்னா:

"இல்லன்னுதான் நானும் நெனச்சேன். கேட்டிருந்தா நீங்க திரும்பி வந்திருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்கள."

சொல்லிட்டு குழந்தைய எங்கிட்ட நீட்டுனா. வாங்கிக்கிட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுட்டு எழுந்து போயிட்டா.

பெரியப்பா